போர்டு வந்ததும் பிடி

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். என்னிடம் இரண்டு வருடம் வேலை பழகியவள், இப்போது சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். வாசலில் 'இடுப்புத்தளச் சிகிச்சை' என்று பெரிய எழுத்தில் பலகையே மாட்டிவிட்டாளாம். பலகையைப் பார்த்து உள்ளே வருகிற பெண்களில் பாதிப் பேர், படுக்கையைப் பார்த்ததும் நாளைக்கு வருகிறோம் என்று நழுவிவிடுகிறார்களாம். "உள்ள என்ன நடக்கும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், பிரிண்ட் போட்டு வாசல்லயே வச்சுடறேன்" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். எதையும் ஒரு பக்கத்தில் சொல்லி எனக்கு வழக்கமில்லை. அது என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும், சுகன்யாவுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

எங்கள் காலத்தில் பலகையெல்லாம் கிடையாது. நான் படித்ததையும், சென்னையில் பதினைந்து வருடம் ஊரார் கையையும் காலையும் நீட்டி மடக்கியதையும் இந்த ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டில் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மாற்றலானது. ஒரகடம் போகிற சாலையில் இருபது படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியில் நானும் சேர்ந்தேன். வயலுக்கு நடுவே வரிசையாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். லாரியில் அடிபட்டவர்கள், பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று எனக்கு வேலை சரியாக இருந்தது. பெண்கள் விஷயம் என் பக்கம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் டாக்டர் மரகதம்.

டாக்டர் மரகதம் எங்கள் பிரசவ டாக்டர். என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பிரசவ வார்டில் அவர் பேசினால் பென்னலூர் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்குக் கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். எங்கோ ஒரு மாதப் பயிற்சிக்குப் போனவர், திரும்பி வரும்போது பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு ஒன்றை ஒயர் கூடையில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாராம்.

அந்த எலும்பை என் மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "பார்வதி, பிரசவம் பாத்து அனுப்பறேன். ஆறு மாசம் கழிச்சு, இருமினா ஒண்ணுக்கு வந்துடுது டாக்டர்னு வந்து நிக்கறாங்க. எல்லாத்துக்கும் ஆபரேஷன் வேணாம். அது தசை வேலை. தசை உங்க வேலை."

நான் முகம் சுளித்தேன். கைகால் பார்க்கிறவள் நான், அந்தப் பக்கமெல்லாம் எனக்கு வேண்டாம் என்றேன்.

"ஏன், முழங்காலுக்கு மேல மனுஷி இல்லையா?" என்றார்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், துவைத்த துணி மடித்து வைக்கிற அறையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். அதற்குப் பெயர் 'பின்னாடி ரூம்', அவ்வளவுதான். ஓ.பி. சீட்டில் காரணம் எழுதுகிற இடத்தில் எல்லாப் பெண்களும் முதுகு வலி என்றே எழுதச் சொன்னார்கள். எங்கள் ஆயா கன்னியம்மா சீட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்பாள், "இன்னா மேடம், இந்த ஊர்ல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்குமே முதுவு வலிதானா? வேற ஒண்ணும் வலிக்காதா?" அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

இனி சுகன்யா கேட்ட பக்கம். டாக்டர் மரகதம் எப்படிச் செய்வாரோ அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதைவிடச் சரியாக யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

தன் அறையாகவே இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்தவளைப் படுக்கை பக்கம் அனுப்பவே மாட்டார். இரண்டு ஸ்டூல், இரண்டும் ஒரே உயரம். உடுத்திய துணியோடு உட்கார வைத்துப் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாய், எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாய், இருமினால் வருகிறதா, தூக்கினால் வருகிறதா, வீட்டுக்காரரோடு இருக்கும்போது வலிக்கிறதா என்று அந்தப் பெரிய குரலில் கேட்பார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். பிறகு பிளாஸ்டிக் எலும்பை எடுத்து, அடியில் தன் கைக்குட்டையைக் குறுக்கே கட்டி, "இதான் அந்தத் தசை. தூளி மாதிரி. மேல இருக்கற கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் தாங்குது. புள்ள பெத்ததுல தூளி தொங்கிப்போச்சு, இழுத்துக் கட்டணும்" என்பார்.

அடுத்து, என்ன நடக்கப்போகிறது என்று தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். மல்லாந்து படுக்கணும், முட்டி மடக்கணும், மேலே போர்வை இருக்கும். கையுறை போட்ட ஒரு விரல், ஆயுதம் எதுவும் கிடையாது. தசை எவ்வளவு இறுகுகிறது, எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க மட்டும். இஷ்டமில்லை என்றால் இன்றைக்கு வேண்டாம், என்றைக்குமே வேண்டாமென்றாலும் சரி. "நடுவுல கையத் தூக்கினா நிறுத்திடுவோம். காரணம் சொல்ல வேணாம்." பரிசோதனை வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி மர நாற்காலியில் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் உட்காரச் சொல்வோம். காற்றை வெளியே விடாமல் அடக்குவதுபோல் உள்ளே இழுத்தால், தசை துண்டை விட்டு மேலே எழும்புவது அவர்களுக்கே தெரியும். பாதிப் பேர் மூச்சைப் பிடிப்பார்கள், மீதிப் பேர் புட்டத்தை இறுக்குவார்கள். புருவம் ஏறினால் கீழே ஒன்றும் ஏறவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு, அது தவறியதே இல்லை.

சரியான இடம் பிடிபட்டதும் வீட்டுக்கு வேலை. ஐந்து எண்ணும் வரை பிடி, ஐந்து எண்ணும் வரை விடு, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு நொடி முன்னால் பிடி. கனம் தூக்குவதற்கு முன்னால் பிடி. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதே. குடித்த தண்ணீரையும் சிறுநீர் போன தடவைகளையும் மூன்று நாள் நோட்டில் எழுதிக்கொண்டு வா. இவ்வளவுதான் சுகன்யா, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது என்னைப் போன்ற அதிகப்பிரசங்கிகளைக் கண்டுதான். அதற்காகத்தான் முத்துலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் ஒரு நாள் நீலக் கோட்டோடு அப்படியே ஷிப்ட் முடிந்து வந்தாள். இருபத்து நாலு வயது, கோவில்பட்டிப் பக்கம். புருஷனும் அவளும் வடக்குப்பட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவளுக்குக் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிற வேலை. சீட்டில் வழக்கம்போல முதுகு வலி. ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் முதுகைப் பற்றியே பேசினாள். டாக்டர் மரகதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, முதுகு இருக்கட்டும். புள்ளைய எங்க விட்டிருக்க?" என்றார்.

அழுதுவிட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயது, பெயர் பொன்னி. ஊரில் அவளுடைய அம்மாவிடம் இருந்தது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், அன்றிலிருந்தே கட்டுப்பாடு இல்லை. "பொங்கலுக்குப் போயிருந்தேம்க்கா. பிள்ள ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டு ஓடி வாரா. தூக்கினா நனஞ்சிரும்னு நான் தூக்கவே இல்ல. சும்மா குனிஞ்சு தலயத் தடவிக்கிட்டு நின்னேன். மறுநா அவ என்கிட்ட வரல. எங்கம்மா முந்தானயப் புடிச்சிக்கிட்டு நின்னு என்னயப் பாத்தா."

அவளுடைய கணக்கு இது. பெண்கள் வரிசையாக நின்று வேலை பார்க்கிற லைனில் ஒரே ஒரு சிவப்பு கார்டு இருக்கும். பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், அவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அடிக்கடி கார்டு கேட்பவள் பெயரை சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். மூன்று மாதத்தில் வேலை நிரந்தரம் ஆகிற நேரம். நிரந்தரமானால்தான் புருஷன் ஷிப்டுக்கு மாற்றான ஷிப்டை அவள் கேட்டு வாங்க முடியும், ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியும். கார்டு கேட்கக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். இரண்டு துணி மடித்து வைத்துக்கொண்டு, எட்டரை மணி நேரம் நின்றுகொண்டே வேலை.

பரிசோதனைக்குச் சம்மதித்தாள். படுத்ததும் கையைத் தூக்கினாள். நிறுத்தினோம். தொடரலாம் என்று தலையாட்டினாள், தொடர்ந்தோம். மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினோம். மூன்றாவது தடவை தூக்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "சும்மாதாம்க்கா. நெசமாவே நிறுத்துதீங்களான்னு பாத்தேன்" என்றாள். அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

வீட்டு வேலை சொன்னபோது, மூன்று வேளைக்கு நேரமே இல்லை என்றாள். ஷிப்டுக்கு மேல் ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்தால் தூக்கம்தான். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. உன் முன்னால் என்ன வரும் என்று கேட்டேன். ஒயர் கட்டுகிற போர்டு ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்து வரும் என்றாள். "அப்ப ரொம்ப சுலபம். போர்டு வந்ததும் பிடி" என்றேன். போர்டு என்றால் மணிக்கு நாலைந்து வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எந்தக் கம்பெனிக்குள்ளும் நான் காலெடுத்து வைத்ததில்லை. பத்துத் தடவை, ஐந்து எண்ணு என்பதெல்லாம் முன்பே சொன்னதுதானே என்று திருப்பிச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தவள் முகம் பளிச்சென்று இருந்தது. ஒரு சொட்டு வரவில்லையாம். வெள்ளைத் துணியில் கட்டிய கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் யோசனையைப் பற்றி டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே எடுப்பவர் வரை ஒருவர் விடாமல் சொல்லி முடித்தேன். கன்னியம்மா மட்டும் மிட்டாயை மென்றுகொண்டே, "அந்தப் பொண்ணு இன்னாவோ ஒரு மாதிரி நடந்துகினு போவுது மேடம்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அவளை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள். அடிவயிறு கல்லாக இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. சில நாட்களாகவே இப்படியாம். உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி, பாத்ரூமில் பத்து நிமிடம் நின்றாலும் வருவதில்லை. கார்டை அவ்வளவு நேரம் வைத்திருக்கிறாள் என்று லைனில் சண்டை. அன்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைது, உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் மரகதம் குழாய் போட்டு எடுத்தார். வயிறு இறங்கியது. பரிசோதனைக்கு அனுப்பிய சிறுநீரில் கிருமி எதுவும் இல்லை. அவள் சம்மதத்தோடு விரலால் தொட்டுப் பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தசை கயிறாக முறுக்கிக்கொண்டு நின்றது. அன்று அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"முத்துலட்சுமி, போர்டு வந்ததும் பிடிக்கற. சரி. எப்ப விடுவ?"

"அடுத்த போர்டு வந்ததும் மறுபடி புடிக்கணும்லா டாக்டர்?"

"நடுவுல?"

"நடுவுல எப்படி விட முடியும்? போர்டு முன்னாலதான நிக்கும். அது போற வரைக்கும் புடிச்சிக்கிட்டுதான் இருப்பேன். அது போவும்போது அடுத்தது வந்துரும்."

இரண்டரை நிமிடத்துக்கு ஒரு போர்டாம். போர்டு தன் முன்னால் இருக்கும்வரை அதில் கை வைத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய லைனின் சட்டம். பிடி என்றால் போர்டு போகும்வரை பிடி என்றுதான் அங்கே வேலை பார்க்கிற யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முழுக்க, ஓ.டி.யிலும், அவள் விடவே இல்லை. தன் குழந்தையைத் தூக்குவதற்காக அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறாள். இரண்டாவது ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு உன்னோடது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு" என்று சொன்னேன். சொல்ல வாய் வந்தது, அவள் கண்ணைப் பார்க்கத்தான் முடியவில்லை. அவள் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப என் ஒடம்பு கெட்டுப்போவலியா?" என்று கேட்டாள். இல்லை என்றார் டாக்டர். "அப்ப சரி" என்றாள். இத்தனை வருட வேலையில் என்னை யாரும் அவ்வளவு சுலபமாக மன்னித்ததில்லை.

டாக்டர் மரகதம் கேஸ் ஷீட்டை எடுத்து எழுதினார்: 'பயிற்சி தவறாகச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள்: நாங்கள்.' எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்று எதற்கு, நான்தானே என்றேன். "நீங்க சொன்னீங்க. நல்லா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டேன். போங்க, நாற்காலியைக் கொண்டாங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து தலைகீழான வேலை. பிடிக்கச் சொல்லித் தந்தவள் விடச் சொல்லித்தர வேண்டும். தரையில் படுத்துக் கெண்டைக்காலை நாற்காலி மேல் போட்டு, அடிவயிற்றில் கை வைத்து மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும்ப வேண்டும், கீழே தசை தானாக இறங்க வேண்டும். அவளுக்கு வரவே இல்லை. விடு விடு என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் இறுகினாள்.

அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு என்ன செய்வது? கம்பெனிக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றார் டாக்டர். முத்துலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். "என் பேர்ல கடுதாசி போச்சுன்னா நான் சீக்காளின்னு ஆயிரும். பெர்மனென்ட் கெடையாது. எல்லாருக்கும் சேத்துச் சொல்லுங்க டாக்டர். லைன்ல நான் மட்டுமா தண்ணி குடிக்காம நிக்குதேன்?" எனக்கும் டாக்டருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

அந்தக் கம்பெனியின் வருடாந்திர உடல் பரிசோதனை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். அந்தப் பழக்கத்தில், பெண்களுக்கு முதுகு வலி வகுப்பு என்று சொல்லி அனுமதி வாங்கினோம். வகுப்புக்கு முன்னால் லைனைக் காட்டச் சொன்னேன். போர்டுகள் நிற்காமல் வட்டமாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். முத்துலட்சுமி என்னைத் தெரியாதவள்போல் நின்றாள். நான் அவள் கையைப் பார்க்கவில்லை, தாடையைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் எல்லாரும்தான். ஏன் என்று கேட்டதற்கு, லைன் லீடர் பெண், "லைன் ஓடிகினு இருந்தா அப்டிதான் மேடம், எங்களுக்கே தெரியாது" என்றாள். அவளும் கடித்துக்கொண்டுதான் நின்றாள்.

கேன்டீனில் வகுப்பு. பிளாஸ்டிக் எலும்பும் கைக்குட்டையும் வந்திருந்தன. டாக்டர் மரகதத்தின் குரல் முதன்முறையாக அதற்கேற்ற இடத்தில் ஒலித்தது. தண்ணீரை நிறுத்தினால் வரும் கடுப்பையும் கிருமியையும், அடக்கி அடக்கி வரும் வலியையும் சொன்னார். பின்னால் நின்ற, ஆட்களின் வேலை விவகாரம் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் அம்மாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் லைனுக்கு இரண்டு கார்டு ஆனது. அவ்வளவுதான், ஆனால் அந்த இரண்டாவது கார்டு பெரிய விஷயம்.

எனக்கு அந்தத் தாடை போதுமாக இருந்தது. மேலே பல்லைக் கடித்தால் கீழேயும் இறுகும், மேலே தளர்ந்தால் கீழேயும் தளரும். அடுத்த முறை அவள் படுத்தபோது கீழே எதையும் விடச் சொல்லவில்லை. வாயைத் தொங்கவிடு, நாக்கைத் தளர்த்து, ஆ என்று பெருமூச்சு விடு என்றேன். மூன்றாவது மூச்சில் வயிறு எழும்பியது. "அக்கா, என்னமோ எறங்குச்சு" என்றாள் பயந்துபோய். அதுதான், அதுதான் என்றேன்.

போர்டு வந்தால் பெருமூச்சு விடு, வாயைத் தளர்த்து என்று மாற்றினோம். இறுக்கும் பயிற்சியைப் பல வாரம் தொடவே இல்லை. அதன் பிறகு வீட்டில், காலையில் பத்து, சாயங்காலம் பத்து, பிடித்ததற்குச் சமமாக விட்டு. நோட்டில் தண்ணீர் இரண்டு டம்ளரிலிருந்து ஏழுக்கு வந்தது. இடையில் இரண்டு நாள் நனைந்து அழுதாள், இன்னொரு நாள் வலி திரும்பியது. நிரந்தரத்துக்கான பேட்டியன்று என்னவாயிற்றோ என்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை நிரந்தரமானது. அந்தத் தகவலைக் கன்னியம்மாதான் வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கே அறிவித்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். புருஷன் ஊருக்குப் போய்க் குழந்தையை அழைத்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பொன்னி அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றாள், அம்மாவிடம் இன்னும் ஒட்டவில்லை. முத்துலட்சுமி குனிந்தாள். தூக்குவதற்கு முன் ஒரு நொடி நின்றது எனக்கு மட்டும் தெரிந்தது. தூக்கினாள். குழந்தை வீறிட்டு அழுதது, உதைத்தது, இறக்கிவிடச் சொல்லி முதுகை வளைத்தது. அவள் வாயைத் தளர்த்தி மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கோ பயம், மறுபடி எதையாவது அளவுக்கு மீறிச் செய்துவிடுவாளோ என்று.

"போதும்மா, கீழ இறக்கு. கனமா இருப்பா" என்றேன்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "இத்தன நாளா அவ கீழதான நின்னா."